‘ஆல்கலாய்டு, ஃபிளேவனாய்டு, டானின், சபோனின்’: அப்புறம்?

நீங்கள் கேட்டிருப்பது இது: எந்த மூலிகையைத் தேடினாலும் ‘இதன் இலையிலும் காயிலும் ஆல்கலாய்டு, ஃபிளேவனாய்டு, டானின், சபோனின் உள்ளன’ என்ற ஒரே வரிதான் வருகிறது. வேம்புக்கும் அதுதான், நெல்லிக்கும் அதுதான். அப்படியானால் எல்லாச் செடியிலும் ஒரே சரக்குதானா? இலையில் இருப்பதுதான் காயிலும் இருக்குமா?

இரண்டுக்கும் பதில் ‘இல்லை’. அந்த வரி பொய் என்றும் சொல்ல முடியாது. அந்த நான்கும் செடிகள் உண்டாக்கும் வேதிப்பொருள்களின் பெரிய குடும்பப் பெயர்கள். ‘உங்கள் பக்கத்து வீட்டில் யார் யார் இருக்கிறார்கள்?’ என்று கேட்டதற்கு ஒருவர் ‘ஆண்கள், பெண்கள், குழந்தைகள், பெரியவர்கள்’ என்று பதில் சொன்னால் எப்படி இருக்கும்? அப்படிப்பட்ட வரி அது.

அந்த வரி எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். இருபது வருடத்துக்கு மேல் கல்லூரி ஆய்வகத்தில் அதை மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான். இலைப்பொடியைச் சாராயத்திலோ தண்ணீரிலோ ஊறவைத்து வடிகட்டி, பத்துப் பன்னிரண்டு சோதனைக் குழாய்களில் ஊற்றிக்கொள்வோம். ஒன்றில் மேயர் கரைசல் விட்டு வெள்ளையாகத் திரிந்தால் ஆல்கலாய்டு. இன்னொன்றில் ஃபெரிக் குளோரைடு விட்டுக் கருநீலமானால் டானின். மற்றொன்றைக் குலுக்கி, நுரை கால் மணி நேரம் நின்றால் சபோனின். மெக்னீசியத் துண்டும் அமிலமும் போட்டு ரோஜா நிறம் வந்தால் ஃபிளேவனாய்டு. ஒரு மத்தியானத்தில் முடிந்துவிடும். ஆனால் பச்சையாக இருக்கும் எந்த இலையை எடுத்தாலும் இவற்றில் குறைந்தது மூன்றுக்கு ‘உண்டு’ என்றுதான் வரும். புரதம் இருந்தால்கூட ஆல்கலாய்டு சோதனை சில சமயம் ஏமாற்றிவிடும். ஒருமுறை ஒரு மாணவர் குறும்புக்காகக் கல்லூரி வாசலில் இருந்த அலங்காரச் செடி ஒன்றின் இலையைச் சோதித்துவிட்டு, செடியின் பெயரை எழுதாமல் முடிவை மட்டும் என்னிடம் கொடுத்தார். பார்த்தால் பெரிய மூலிகை போலவே இருந்தது.

இந்தக் குடும்பப் பெயர்கள் பயனற்றவை என்று சொல்லவில்லை. உங்கள் சமையலறையிலேயே இவற்றைப் பார்க்கலாம். நெல்லிக்காயை இரும்புச் சட்டியில் வேகவைத்தால் கறுத்துப்போகிறதே, அது டானினும் இரும்பும் சேர்ந்த நிறம். கடுக்காயோடு அன்னபேதி சேர்த்து மை காய்ச்சியதும் இதே வேதியியல்தான்; அன்னபேதி என்பது இரும்பு சல்ஃபேட். பூந்திக்காய் நுரைப்பது சபோனினால். வாயில் போட்டால் நாக்கை இழுத்துப் பிடிக்கும் துவர்ப்பு டானினின் வேலை. அது எச்சிலில் உள்ள புரதத்தோடு ஒட்டிக்கொள்கிறது. கசப்புக்குப் பல காரணங்கள் உண்டு. ஆல்கலாய்டு அதில் ஒன்று மட்டும். நம்முடைய ‘அறுசுவை’ ஒரு வகையில் பழைய சோதனைக் குழாய்தான். ஆனால் அங்கேயே நின்றுவிடக் கூடாது. எந்தப் பொருள், செடியின் எந்தப் பாகத்தில், எவ்வளவு என்ற மூன்றும் தெரிந்தால்தான் விஷயம் ஆரம்பிக்கவே ஆரம்பிக்கிறது.

ஒரு நல்ல தொடக்கம் உதகையில் நடந்தது. 1880களில் மதராஸ் அரசு, சின்கோனா பட்டையில் மலேரியா மருந்தான குயினைன் எவ்வளவு இருக்கிறது என்று அளந்து சொல்வதற்காக டேவிட் ஹூப்பர் என்ற வேதியியலாளரை அங்கே வைத்திருந்தது. அவர் கையில் சிறுகுறிஞ்சான் இலை கிடைத்தது. அந்த இலையை மென்றுவிட்டுச் சர்க்கரையை வாயில் போட்டால் மணலைத் தின்பது போல இருக்கும். உப்பும் புளிப்பும் அப்படியே தெரியும், இனிப்பு மட்டும் காணாமல் போய்விடும். இதற்குக் காரணமான பொருளை 1887-இல் அவர் பிரித்தெடுத்து ஜிம்னெமிக் அமிலம் என்று பெயர் வைத்தார். அது ஒற்றைப் பொருள் அல்ல, ஒரே மாதிரியான பல சபோனின்களின் கூட்டம் என்று பிற்பாடு தெரிந்தது. நாக்கில் இனிப்பை உணரும் புரதத்தில் போய் இது உட்கார்ந்துகொள்கிறது. அரை மணி நேரம் போலக் கழித்து விலகிவிடுகிறது. ஆக, நாக்கில் நடப்பது சந்தேகமில்லாத உண்மை. வீட்டிலேயே செய்து பார்க்கலாம். இரத்தச் சர்க்கரையைக் குறைக்கிறது என்பதற்கு மனிதர்களில் நடந்த ஆய்வுகள் சின்னச் சின்னவை. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பி விற்பவர்கள் அதிகம்.

அதே ஹூப்பர் மறு வருடமே, 1888-இல், ஆடாதொடை இலையிலிருந்து வாசிசின் என்ற ஆல்கலாய்டை எடுத்தார். ‘ஆடாதோடை இலையால் பாடாத நாவும் பாடும்’ என்று நம் ஊரில் சொல்வார்கள். ஆடு தொடாத இலை என்பதால்தான் இந்தப் பெயர் என்றும் சொல்வார்கள்; கண்டதையும் மேயும் ஆடே ஒதுக்கும் அளவுக்குக் கசப்பு. அந்த வாசிசினின் அமைப்பை மாதிரியாக வைத்துத்தான் ஆய்வகத்தில் புரோம்ஹெக்சின் உருவாக்கப்பட்டது. புரோம்ஹெக்சின் உடலுக்குள் போய் மாறும் பொருள் ஆம்ப்ராக்சால். மருந்துக் கடையில் வாங்கும் சளி சிரப்பின் அட்டையைத் திருப்பிப் பாருங்கள், இந்த இரண்டில் ஒன்று இருக்க வாய்ப்பு அதிகம். இன்னொன்றும் சொல்லவேண்டும்: வாசிசின் கருப்பையைச் சுருங்கச் செய்யும் என்று விலங்குகளில் காட்டியிருக்கிறார்கள். அதனால் கர்ப்பிணிகள் ஆடாதொடைக் கஷாயம் பக்கம் போகாமல் இருப்பது நல்லது. ‘மூலிகைதானே, என்ன செய்துவிடும்’ என்பவர்களிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான். ஒன்றும் செய்யாத பொருள் சளியை மட்டும் எப்படிக் கரைக்கும்?

இலையில் இருப்பதுதான் காயிலும் இருக்குமா என்ற கேள்விக்கு வேப்பமரம்தான் சரியான பதில். பழுத்த வேப்பம்பழத்தின் சதை இனிக்கும். காக்காயும் மைனாவும் தின்று கொட்டையைத் துப்பிவிட்டுப் போகும். மரத்துக்கு வேண்டியதும் அதுதான்: சதை பறவைக்குக் கூலி, கொட்டைதான் பிள்ளை. ஆகவே காவல் முழுவதும் கொட்டையின் பருப்பில். பூச்சிகளைத் தின்னவிடாமல், தோலுரிக்கவிடாமல் தடுக்கும் அசாடிராக்டின் அங்கேதான் திரண்டிருக்கிறது, கிலோவுக்குச் சில கிராம் அளவில். இலையில் அது மிகக் குறைவு. இலையின் கசப்புக்கு நிம்பின், நிம்போலைடு போன்ற வேறு உறவினர்கள் காரணம். 1959-இல் சூடானில் வெட்டுக்கிளிக் கூட்டம் பச்சையெல்லாம் மேய்ந்துவிட்டு வேம்பை மட்டும் விட்டுப்போனதை ஜெர்மானியப் பூச்சியியலாளர் ஷ்முட்டரர் கவனித்தார். அசாடிராக்டினைப் பிரித்தெடுத்தது 1968-இல். அதை ஆய்வகத்தில் முழுதாகச் செய்து முடிக்கக் கேம்பிரிட்ஜில் ஸ்டீவன் லே குழுவுக்கு 22 வருடம் பிடித்தது, 2007-இல்தான் முடிந்தது. மரம் அதை ஒவ்வொரு கோடையிலும் சத்தமில்லாமல் செய்துவிடுகிறது. வெயில் பட்டால் அது சிதைந்துவிடும், அதனால்தான் வேப்பங்கொட்டைக் கரைசலைச் சாயங்காலம் தெளிக்கச் சொல்கிறார்கள். வேப்பிலையை அரைத்துக் கரைத்துத் தெளித்துவிட்டு ‘பலனில்லை’ என்று சலித்துக்கொள்ளும் நண்பர்கள் எனக்கு உண்டு. மரம் சரிதான், பாகம் தவறு.

பாகம் மாறினால் ஆபத்தும் மாறும். கொழுந்து வேப்பிலையை நாம் தின்றிருக்கிறோம். ஆனால் கொட்டையிலிருந்து வரும் எண்ணெயைக் கைக்குழந்தைகளுக்கு உள்ளுக்குக் கொடுத்ததால் வாந்தியும் வலிப்பும் வந்து ஈரலும் மூளையும் பாதிக்கப்பட்ட சம்பவங்கள் மலேசியாவில் 1980களின் தொடக்கத்தில் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. அதெல்லாம் நம்மவர்கள் வீடுகளில் நடந்தவைதான்.

மணத்தக்காளியும் இந்தக் கதைக்குள் வரும். பச்சைக் காயில் சொலனின் வகை ஆல்கலாய்டுகள் கூடுதல். பழுக்கப் பழுக்கக் குறையும். பழத்தை நாம் செடியிலிருந்து உருவித் தின்றாலும் பச்சைக் காயை அப்படித் தின்னாததற்கு அது காரணம்.

இப்போது நெல்லிக்கு வருகிறேன். இதில் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்வதற்கு மன்னிக்கவும், எனக்குப் பிடித்த சண்டை இது. ‘ஆரஞ்சைவிடப் பல மடங்கு வைட்டமின் சி’ என்பது எல்லோருக்கும் தெரிந்த வாசகம். ஆரஞ்சில் நூறு கிராமுக்கு ஏறக்குறைய 50 மில்லிகிராம். நெல்லிக்குப் பழைய இந்திய உணவு அட்டவணைகள் 600 என்று போட்டன. ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-இல் வெளியிட்ட புதிய அட்டவணையில் அது பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. நெல்லி மாறிவிட்டதா? ரகம், மண், பறித்த நேரம் எல்லாம் காரணம்தான். ஆனால் அளக்கும் முறையும் ஒரு காரணம். பழைய முறையில் நீலச் சாயம் ஒன்றைச் சொட்டுச் சொட்டாக விட்டு, நிறம் போவதை வைத்துக் கணக்குப் போடுவார்கள். வைட்டமின் சி அந்தச் சாயத்தின் நிறத்தைப் போக்கும்; அதே மாதிரி எளிதில் ஆக்சிஜனேற்றம் அடையும் வேறு பொருள்களும் போக்கும். நெல்லியில் அப்படிப்பட்ட பொருள்களுக்குப் பஞ்சமே இல்லை.

அப்புறம் இன்னொரு வாசகம்: ‘நெல்லிக்காயைக் காயவைத்தாலும் வைட்டமின் சி போகாது, அதிலிருக்கும் டானின்கள் காப்பாற்றும்.’ 1990களில் எம்பிளிக்கானின் ஏ, பி என்று இரண்டு டானின்கள் நெல்லியில் இருப்பதாக ஒரு குழு எழுதியது. நெல்லிவற்றல் விற்பவர்கள் எல்லோரும் அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டார்கள். 2009-இல் வெளியான ஒரு மறுஆய்வு வேறு கதை சொன்னது. பொருள்களைப் பிரித்துக் காட்டும் கருவியில் வைட்டமின் சி வெளிவரும் அதே இடத்தில், கேலிக் அமிலக் குடும்பத்தைச் சேர்ந்த மியூசிக் அமில கேலேட் என்ற பொருளும் சேர்ந்து வெளிவருகிறது. இரண்டையும் ஒன்றாக எண்ணி, எல்லாவற்றையும் வைட்டமின் சி என்று எழுதிக்கொண்டிருந்தோம் என்றது அது. எம்பிளிக்கானின்கள் அந்த அளவில் இருக்கின்றனவா என்பதையும் கேள்விக்குள்ளாக்கியது. என் கணிப்பு: புதிதாகப் பறித்த நெல்லி நல்ல வைட்டமின் சி காய்தான், அதில் சந்தேகம் வேண்டாம். வற்றலிலும் லேகியத்திலும் நீங்கள் பெரும்பாலும் தின்பது கேலிக் அமிலக் குடும்பத்தை. அதுவும் கெட்டதல்ல. ஆனால் புட்டியின் மேல் எழுதியிருக்கும் எண்ணை நம்பி அதை வாங்காதீர்கள்.

நெல்லிக்கு ஒரு குட்டித் தங்கை உண்டு. அதே ஃபில்லாந்தஸ் பேரினத்தைச் சேர்ந்த கீழாநெல்லி. இலைக்குக் கீழே கடுகு மாதிரிக் காய்கள் வரிசையாகத் தொங்கும். அக்காளில் துவர்க்கும் டானின் என்றால், தங்கையில் பேர்போனது ஃபில்லாந்தின், ஹைப்போஃபில்லாந்தின் என்ற லிக்னான்கள் (இது இன்னொரு வேதிக் குடும்பம்). இவை இலையில்தான் அதிகம், தண்டில் சொற்பம். தண்ணீரில் எளிதில் கரையாது.

கீழாநெல்லியைப் பற்றிப் பேசும்போது சென்னையில் நடந்த ஆய்வைச் சொல்லாமல் விட முடியாது. 1988-இல் லான்செட் மருத்துவ இதழில் தியாகராஜன் குழுவினர் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஹெபடைடிஸ் பி வைரஸைக் கண்டுபிடித்ததற்காக 1976-இல் நோபல் வாங்கிய பிளம்பர்க்கும் அதில் ஒரு ஆசிரியர். அந்தக் கிருமியை உடலில் சுமந்துகொண்டிருந்தவர்களுக்குக் கீழாநெல்லிப் பொடியை முப்பது நாள் கொடுத்தார்கள். மருந்து எடுத்த 37 பேரில் 22 பேருக்குக் கிருமியின் அடையாளம் இரத்தத்திலிருந்து மறைந்தது. பொய்மாத்திரை எடுத்த 23 பேரில் ஒருவருக்குத்தான். உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனால் மற்ற நாடுகளில் திரும்பச் செய்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. ஏன் என்பதற்குப் பல விளக்கங்கள் உண்டு. முதல் ஆய்வு சிறியது என்பது ஒன்று. வேதியியல்காரனாக எனக்கு உறுத்துவது இன்னொன்று: ‘கீழாநெல்லி’ என்று கட்டுக் கட்டாக விற்பது எந்தச் செடி? ஃபில்லாந்தஸ் அமாரஸ் என்பதுதான் நாம் நினைக்கும் செடி. ஆனால் தண்டு செந்நிறமாக ஓடி, காய் சொரசொரப்பாக இருக்கும் ஃபில்லாந்தஸ் யூரினேரியாவும் அதே வயல் வரப்பில் வளர்கிறது. அதில் ஃபில்லாந்தினைத் தேடினால் கிடைப்பது அரிது. புத்தகங்களில் பல காலம் எழுதிவந்த நிரூரி என்ற பெயரோ அமெரிக்கக் கண்டத்துச் செடிக்கு உரியது. பறிக்கிறவர் கையில் எது அகப்படுகிறதோ அது கட்டில் போய்விடும்.

இதோடு ஒரு சின்ன விஷயம். மஞ்சள் காமாலைக்குக் கீழாநெல்லி கைகண்டது என்று பெயர் வாங்கியதற்கு, நம் ஊரில் பரவலாக வரும் ஹெபடைடிஸ் ஏ பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் தானாகவே தணிந்துவிடும் என்பதும் ஒரு காரணம். பத்தியம் இருந்து இலையை மோரில் அரைத்துக் குடிக்கும் அந்த நாட்களில் ஈரல் தன் வேலையைப் பார்த்துக்கொள்ளும். பாட்டி சொன்னதைக் குறை சொல்லவில்லை. ஆனால் எந்தக் காமாலை என்று இரத்தம் பார்க்காமல் இலையை நம்பி இருக்க வேண்டாம்.

‘எவ்வளவு’ என்பதன் முக்கியத்துவத்துக்கு நித்தியகல்யாணி போதும். ஜமைக்காவில் சர்க்கரை நோய்க்கு இதன் இலைத் தேநீரைக் குடிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, கனடாவில் நோபிள், பீர் என்ற இருவர் எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். சர்க்கரை குறையவில்லை, வெள்ளணுக்கள் சரிந்தன. அந்த ஏமாற்றத்திலிருந்து 1958-இல் கிடைத்தது வின்பிளாஸ்டின், பின்னால் வின்கிரிஸ்டின். குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய் சிகிச்சையில் வின்கிரிஸ்டின் இன்றும் முதல் வரிசையில் நிற்கிறது. ஒரே ஒரு கிராம் எடுக்க நூற்றுக்கணக்கான கிலோ காய்ந்த இலை வேண்டும். ஆகவே நாலு இலையைக் கொதிக்கவைத்துக் குடித்தால் புற்றுநோய்க்கு ஒன்றும் ஆகாது. அதே இலையில் இருக்கும் மற்ற எழுபது எண்பது ஆல்கலாய்டுகளும் சேர்ந்து வயிற்றுக்குள் போகும், அவ்வளவுதான்.

மிளகைப் பற்றி ஒரே ஒரு செய்தி சொல்லி நகர்கிறேன். மிளகுக் காயின் காரத்துக்குக் காரணமான பைப்பரினை 1819-இல் பிரித்தெடுத்தவர் ஓர்ஸ்டெட். மறு வருடம் மின்சாரத்துக்கும் காந்தத்துக்கும் உள்ள உறவைக் கண்டுபிடித்தாரே, அவரேதான். 1998-இல் பெங்களூரு ஆய்வு ஒன்றில், மஞ்சளில் உள்ள குர்குமின் 2 கிராமோடு 20 மில்லிகிராம் பைப்பரின் சேர்த்துக் கொடுத்தபோது, இரத்தத்தில் சேர்ந்த குர்குமின் இருபது மடங்கு ஆனது. குடலும் ஈரலும் அந்நியப் பொருள்களைப் பிடித்து வெளியேற்றும் வேலையைப் பைப்பரின் தாமதப்படுத்துகிறது. மஞ்சள் பாலில் மிளகு போடுகிறவர்களுக்கு இது நல்ல செய்தி. வலிப்பு நோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் பைப்பரின் காப்ஸ்யூல் வாங்கும் முன் டாக்டரிடம் கேட்க வேண்டும் என்பதும் இதே காரணத்தால்தான்.

கடைசியாக, பச்சை இலை நல்லதா, காய்ந்த இலை நல்லதா என்றும் கேட்டிருந்தீர்கள். செடிக்குச் செடி மாறும். துளசி மாதிரி மணம் உள்ளதெல்லாம் காயக் காய எண்ணெயை இழக்கும், பச்சைதான் மேல். இதற்கு நேர் எதிர், மலச்சிக்கலுக்குக் கொடுக்கும் நிலாவாரை. உலகச் சந்தையில் இதற்குப் பெயரே ‘தின்னவேலி சென்னா’. திருநெல்வேலி, தூத்துக்குடிச் சீமையின் மானாவாரிக் கரிசலில் விளைந்து கப்பலேறியதால் வந்த பெயர். இலை, காய் இரண்டையுமே மருந்து நூல்கள் தனித்தனியாக ஏற்றுக்கொள்ளும் செடி இது. அதில் மலத்தை இளக்கும் சென்னோசைடு என்ற பொருளின் கணக்கில் ஐரோப்பிய மருந்து நூல் குறைந்தபட்ச வரம்பு போட்டிருக்கிறது.

சென்னோசைடு நேரடியாக மருந்து அல்ல. சர்க்கரை மூலக்கூறு ஒட்டியிருப்பதால் சிறுகுடலில் உறிஞ்சப்படாமல் அப்படியே கடந்து பெருங்குடலுக்குப் போகும். அங்கே குடியிருக்கும் பாக்டீரியா அந்தச் சர்க்கரையை வெட்டி ரெயின் ஆந்த்ரோனாக மாற்றும். அதுதான் குடலைத் தூண்டும். ராத்திரி குடித்தால் காலையில் வேலை செய்வது இதனால்தான். எட்டு மணி நேரம் என்பது பயணத்துக்கும் பாக்டீரியாவின் வேலைக்கும் ஆகும் நேரம். ‘எடை குறைக்கும் டீ’ என்று விற்பவற்றில் பலவற்றில் இருப்பது இந்த இலைதான். குறைவது தண்ணீரும் பொட்டாசியமும், கொழுப்பு அல்ல. உங்கள் கேள்விக்கு வருகிறேன்: பச்சை நிலாவாரை இலையில் சென்னோசைடு அவ்வளவாக இருப்பதே இல்லை. சென்னோசைடு மூலக்கூறின் ஒற்றைப் பாதிகள்தான் தனித்தனியாக இருக்கும். மிதமான சூட்டில் மெல்லக் காயும்போதுதான் இரண்டிரண்டாகச் சேர்ந்து சென்னோசைடாகும். சட்டென்று கொதிநீரில் போட்டாலோ அதிகச் சூட்டில் வறுத்தாலோ, அந்த இணைப்பைச் செய்யும் என்சைம் செத்துவிடும். கரிசல்காட்டு விவசாயி இலையை உருவி, களத்தில் மெல்லியதாகப் பரப்பி, நிழலில் அவ்வப்போது கிளறிவிட்டுக் காயவைப்பது வெறும் ஈரத்தைப் போக்குவதற்கு மட்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மருந்தில் பாதி அந்தக் களத்தில்தான் உருவாகிறது.